நாக்கு வைக்காமல் ஊதவும்

செப்டம்பர் 2, திங்கள்

விசா வந்துவிட்டது. ஓமானில் ஒரு கேஸ் பிளான்ட், அளவுக் கருவிகளைச் சோதிக்கும் கலிபரேஷன் டெக்னீஷியன், இரண்டு வருட ஒப்பந்தம். 24ஆம் தேதி காலை திருவனந்தபுரத்தில் விமானம். இன்னும் இருபத்திரண்டு நாள்.

ராஜபாளையத்துக்குப் போன் போட்டு அக்காவிடம் சொன்னேன். மூன்று நிமிடம் சந்தோஷப்பட்டாள். பிறகு, "அப்பாவ யாருடா பாத்துக்கிடுவா?" என்றாள்.

"அவரு என்ன கைக்குழந்தையா? அறுபத்தோரு வயசு. சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும்."

"எனக்கு இங்க கூட்டிட்டு வர ஆசைதான். வீட்டுக்குப் பின்னாலயே பஞ்சு மில்லு. போன தடவ நாலு நாள் இருந்ததுக்கே நெஞ்சு இறுகிப் போச்சு. நீ ஒண்ணு பண்ணு. டாக்டர்ட்ட காட்டு. 'இவரு தனியா இருக்கலாம்'னு அவங்க வாயால சொல்லட்டும். அப்புறம் போ."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா நீயே போக மாட்டே, கதிரேசா. எனக்கு உன்னத் தெரியும்."

அவளுக்கு என்னைத் தெரியாது.

அம்மா போய் ஆறு வருடம். கோவில்பட்டி வீட்டில் நானும் அப்பாவும்தான். அதிலும் தூத்துக்குடியில் வேலை பார்த்த இரண்டு வருடமும் நான் சனி ஞாயிறுக்குத்தான் வந்து போனேன். போன வாரம்தான் அந்த வேலையை விட்டேன். அப்பா சண்முகவேல், அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்று மூன்று வருடம். சளித் தொந்தரவு உண்டு. வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

டாக்டர் ஷர்மிளா பானு. சின்ன வயது, வேகமான பேச்சு, வளவள கிடையாது. பிடித்திருந்தது.

அப்பாவின் முதுகில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆஸ்துமா எத்தன வருஷமாய்யா இருக்கு?" என்றார்.

"ஆஸ்துமாவா? அதெல்லாம் நம்ம குடும்பத்துலயே கெடையாதும்மா. இது சும்மா வீசிங். நெஞ்சுக்குள்ள ஒரு கண்டக்டர் இருக்கான், அப்பப்ப விசில் குடுப்பான். நான் ரைட்டுன்னு சொல்லிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

டாக்டர் சிரித்தார். "போர்டு எழுதாட்டியும் பஸ் அந்த ஊருக்குத்தானய்யா போகும்? வீசிங்னு சொன்னாலும் அது ஆஸ்துமாதான்."

தன் பாஷையிலேயே அப்பாவை மடக்கிவிட்டார். அபூர்வம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "போன ஒரு வருஷத்துல அட்மிட் ஆனது, எமர்ஜென்சிக்கு ஓடுனது, ஊசி, நெபுலைசர், அப்படி ஏதாவது?"

"அட்மிட் ஆனதில்ல" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தார்.

"ஏன் கேக்கேன்னா, ஒரு வருஷத்துக்குள்ள பெருசா ஒரு அட்டாக் வந்திருந்தா, அடுத்தது வர்றதுக்கு அதவிடப் பெரிய அறிகுறி கெடையாது. இன்னைக்கு நெஞ்சு சுத்தமா இருந்தாலும் சரிதான். அப்படிப்பட்டவங்களுக்கு நான் குடுக்கற மருந்து வேற, சொல்ற கண்டிஷன் வேற. தனியா விடவே மாட்டேன்."

எனக்கு இது புதிது அல்ல. எங்கள் வேலையிலும் போன சோதனையில் அளவு விலகியிருந்த கருவிக்கு அடுத்த சோதனைத் தேதியை முன்னால் இழுப்போம். விலகியது மறுபடி விலகும். ஆனால் அப்பா பிரஷர் கேஜ் இல்லை.

நான் சொன்னது பொய்யும் இல்லை. ஜனவரியில் நடந்தது அட்மிஷன் அல்ல, அப்சர்வேஷன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் வைத்திருந்தார்கள். உள்நோயாளி எண் போடவில்லை. வார்டு தரவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்.

இரண்டு இன்ஹேலர் எழுதினார். பிரவுன், தினமும் இரண்டு வேளை, இரண்டிரண்டு அழுத்தல், இழுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீலம், திணறும்போது மட்டும். கூடவே ஊதிப் பார்க்கும் மீட்டர் ஒன்று. குழலைச் சுற்றி உதட்டை இறுக்கி, முழு மூச்சையும் ஒரே வேகத்தில் தள்ள வேண்டும். டாக்டர் முன்னால் அப்பா ஊதியது 290. குறைந்தது நானூறு வர வேண்டுமாம். ஒன்பது நாள் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

செப்டம்பர் 4, புதன்

காலை 290. மாலை 300.

டாக்டருக்குத் தனி அட்டவணை போட்டிருக்கிறேன். இந்த நோட்டு எனக்கு. பிளான்டில் ஷிப்ட் முடிந்தால் லாக் எழுதுவது பழக்கம்.

நீல இன்ஹேலரின் பின்பக்கம் எத்தனை முறை மீதி என்று ஓர் எண் தெரிகிறது. இன்று காலை 182. நல்ல டிசைன்.

செப்டம்பர் 5, வியாழன்

காலை 310. போலீஸ் சான்றிதழுக்கு அலைந்தேன். மாலை எடுக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

காலை 400. மாலை 420.

அப்பாவுக்கு மீட்டர் பிடிபட்டுவிட்டது. முதலில் எல்லாரையும் போல உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தார். இன்று காலை, "இருடே, இது நம்ம சாமானம்" என்று வாங்கினார். நுனி நாக்கைக் குழலின் வாயில் அடைத்து, கன்னத்தை உப்பி, 'ட்டூ' என்று ஒரே வெட்டு. முள் பறந்துபோய் நானூறில் நின்றது.

"பாத்தியா? முப்பத்தோரு வருஷம். கூட்டத்துல பின்வாசல்ல தொங்கிக்கிட்டு முன்னால இருக்க டிரைவருக்குக் கேக்கணும். ஊதுறதுக்கு எனக்கு அந்தப் பொண்ணு சொல்லித் தருதாக்கும்."

அட்டவணையில் 400 என்று எழுதினேன். மருந்து வேலை செய்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

காலை 410. மாலை 420.

நீல இன்ஹேலரில் 139. ஐந்து நாளில் 43 குறைந்திருக்கிறது. திணறும்போது மட்டும் என்று சொன்ன மருந்து. கேட்டேன்.

"சும்மா அமுக்கிப் பாத்தேன். வருதா இல்லையான்னு."

"நாப்பத்து மூணு தடவையா?"

"நீ என்னடே, ஆடிட்டு ஆபீசரா? எங்க செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட இப்படி எண்ண மாட்டான்."

எண் காட்டும் சக்கரம் பிளாஸ்டிக். ஒரு அழுத்தலுக்கு இரண்டு பல் நகர்வது சாத்தியம். மலிவான மெக்கானிசம். மீட்டர் 420 காட்டும்போது இதை நம்ப வேண்டியதில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலை 420.

அப்பா இப்போதெல்லாம் கட்டிலில் படுப்பதில்லை. காலையில் நான் எழும்போது பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, முன்னால் ஸ்டூலில் தலையணை வைத்து அதன் மேல் கவிழ்ந்து தூங்குகிறார். கேட்டால் கட்டிலில் காற்று வரவில்லை என்கிறார். ஃபேன் கட்டிலுக்கு நேர் மேலே இருக்கிறது.

கெப்பாசிட்டர் போயிருக்கலாம். மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

அட்டவணையோடு டாக்டரிடம் போனேன். அப்பா வரவில்லை. ஓய்வுபெற்றோர் சங்கத்தில் கூட்டம் என்றார்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "எரநூத்தித் தொண்ணூறுலருந்து நானூத்தி இருவது. நல்லாருக்கு. நாலே நாள்ல. கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு. அவரு எங்க?"

"கூட்டத்துக்குப் போயிருக்காரு. நல்லாத்தான் இருக்காரு மேடம்."

"தம்பி, மீட்டர் இன்னைக்கு எப்படின்னு சொல்லும். போன வருஷம் எப்படின்னு சொல்லாது. அத நீங்கதான் சொல்லணும். அட்டாக்னு எதுவும் வந்ததில்லையே?"

"இல்ல."

இந்தத் தடவை கேள்வி வேறு மாதிரி இருந்தது. பதில் அதேதான்.

"சரி. அப்ப தனியா இருக்கலாம். பிரவுன் இன்ஹேலர விட்டுறக் கூடாது. மூணு மாசம் கழிச்சு அவரையே வரச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, தனியா இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். "அவங்களேவா சொன்னாங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். அவங்களேதான். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

கெப்பாசிட்டர் வாங்கி மாட்டினேன். பழையதும் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 14, சனி

காலை 400. மாலை 400.

நீலத்தில் 71. பிரவுனில் 116. பிரவுன் 120-இல் தொடங்கியது. நாளுக்கு நான்கு வீதம் போயிருந்தால் இன்றைக்கு எழுபத்தைந்து பக்கம் இருக்க வேண்டும்.

"அத எதுக்குடே இழுக்கணும்? அமுக்குனா ஒண்ணுமே தெரியல. நீலம் அமுக்குனா உடனே ரூட் கிளியர். நல்லா ஓடுற வண்டிக்கு எவனாவது தெனம் ரெண்டு வேள மெக்கானிக்க வச்சுப் பாப்பானா?"

கத்தினேன். நான் போன பிறகு யார் வந்து இதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று கத்தினேன். அவர் பிரவுனை எடுத்து என் கண் முன்னால் இரண்டு முறை இழுத்தார். பிறகு, "சந்தோஷமா? போய்ட்டு வா" என்றார்.

சாயங்காலம் அக்கா போனில், "ஜனவரில அப்பாவுக்கு என்னதான்டா ஆச்சு? தவசி மாமா ஏதோ சொல்ல வந்து நிறுத்திட்டாரு" என்றாள்.

தவசி மாமா அப்பாவோடு ஒரே பஸ்ஸில் பதினைந்து வருடம் ஓட்டிய டிரைவர். இப்போது சொந்தமாக ஆம்னி வேன் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஒன்றும் தெரியாமல் எதையாவது சொல்வார்.

"சளி" என்றேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை 410. ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

காலை 400.

ஜனவரியில் நடந்ததை ஒரு தடவை சரியாக எழுதிவிடுகிறேன். மனசில் கிடந்து அரிப்பதைவிட அது மேல்.

இந்த ஓமான் வேலைக்கான இன்டர்வியூ அன்றைக்குத்தான். வீடியோவில், காலை பத்தரைக்கு. லீவு போட்டு வந்திருந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே மூன்று பேர். இடையில் அப்பா கதவைத் தட்டினார். ஒரு தடவைதான். "வேலையா இருக்கேன், பத்து நிமிஷம்" என்று மைக்கை மூடிச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துத் திறந்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் கொண்டு போனேன். ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி. சாயங்காலம் நடந்தே வெளியே வந்தார்.

அவ்வளவுதான். பத்து நிமிடம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலை 390.

பெட்டி வாங்கினேன். அப்பா என் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று பிடிவாதம். ஒரு சட்டை, பிறகு நாற்காலி. ஒரு சட்டை, பிறகு நாற்காலி. "வெக்கையா இருக்குடே" என்றார். நான்கு சட்டைக்கு ஒரு மணி நேரம். மீதியை நானே போட்டேன். எனக்கு இப்படி ஆமை வேகத்தில் வேலை நடந்தால் ஆகாது.

தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வரும்போது பக்கத்து வீட்டு வாசலில் இறக்கி வைத்து, அங்கே இல்லாத ஆளிடம் சௌக்கியமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 19, வியாழன்

அப்பா ஐசியுவில்.

செப்டம்பர் 20, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதுகிறேன். ஐசியு வாசலில் பெஞ்சு. பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் உள்ளே விடுவார்களாம்.

நேற்றுக் காலையிலிருந்தே தெற்குக் காற்று, தெரு முழுக்கப் புழுதி. பத்தே முக்கால் இருக்கும். நான் பெட்டியை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா அறை வாசலில் வந்து நின்றார். இந்தத் தடவை கதவு திறந்தேதான் இருந்தது.

"கதிரு... கொஞ்சம்... முடியல."

மீட்டரை எடுத்து நீட்டினேன். என் கை முதலில் மீட்டருக்குத்தான் போனது. அவர் வாங்கி, 'ட்டூ' என்று வெட்டினார். 380.

"முந்நூத்தி எம்பது இருக்குப்பா. ஒண்ணும் இல்ல. உக்காருங்க."

உட்காரவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறியது. கழுத்தெலும்புக்கு மேலே இருக்கும் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நெஞ்சில் அந்த விசில் சத்தம்கூட இல்லை. மீட்டரைப் பார்த்தேன், 380. அவரைப் பார்த்தேன். இரண்டில் ஒன்று தப்பு.

அப்போதுதான் அந்தச் சத்தம் உறைத்தது. 'ட்டூ'. விசில் ஊதுபவன் நுரையீரலால் ஊதுவதில்லை. நாக்கால் அடைத்து, கன்னத்தில் காற்றைச் சேர்த்து, படக்கென்று விடுகிறான். பன்னிரண்டு நாளாக நான் எழுதிக்கொண்டிருந்தது அப்பாவின் நாக்கை. கருவி படிக்கிற எவனுக்கும் முதல் மாதத்தில் சொல்லித் தருகிற தப்பு இது. எண் வந்தால் போதாது, எது எண்ணைத் தள்ளியது என்று பார்க்க வேண்டும். எனக்கு நானூறு வேண்டியிருந்தது. நானூறு வந்தது. நான் பார்க்கவில்லை.

"அப்பா, நாக்கு வைக்காம ஊதுங்க. உஸ்ஸுன்னு ஊதுங்க."

ஊதினார். 130.

நீலத்தை எடுத்து, மருந்தைத் தேக்கி இழுக்கும் ஸ்பேசர் குடுவையில் மாட்டி அழுத்தினேன். நான்கு தடவை. ஒரு மாற்றமும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். சக்கரத்தில் 000. மருந்தில்லாத வெறும் புகை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. சக்கரம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

தவசி மாமாவுக்குப் போன் போட்டேன். மூன்றே நிமிடத்தில் வேன் வாசலில் நின்றது. ஹாரன்கூட அடிக்கவில்லை.

"படுக்க வைக்காதல! உக்காத்து. முன்னால குனிஞ்சு சீட்டப் பிடிச்சுக்கிடட்டும். சண்டாளா, சண்முகம், பேசாத. தலைய மட்டும் ஆட்டு. சட்டப் பொத்தான அவுத்து விடு, கதிரேசா. அப்படித்தான் எளப்பு கொஞ்சம் அடங்கும்."

எப்படித் தெரியும் என்று கேட்க நேரம் இல்லை.

எமர்ஜென்சியில் டாக்டர் ஷர்மிளா பானுவே இருந்தார். ரவுண்ட்ஸ் நேரம். மாஸ்க், நெபுலைசர், கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 86. டாக்டர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

'இல்ல' என்று வாய் தயாராக இருந்தது. இரண்டு தடவை சொல்லிப் பழகிய வாய்.

"ஜனவரில. ஒரு தடவ. ஆறு மணி நேரம் கேஷுவாலிட்டில வச்சிருந்தாங்க. ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி."

இப்போது பார்த்தார். அப்போது அப்பா மாஸ்க்கோடு கையைத் தூக்கினார். கட்டை விரலை மடக்கி, நான்கு விரலை நீட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து, "இப்பக் குடிக்கக் கூடாதுப்பா" என்றேன். கையை இறக்கவில்லை. நான்கு விரலையும் டாக்டர் பக்கம் திருப்பினார்.

டாக்டருக்குப் புரிந்தது. "நாலா? ஒரு வருஷத்துல நாலு தடவையாய்யா?"

தலையை ஆட்டினார்.

"சிஸ்டர், ஐசியுல பெட் ரெடி பண்ணச் சொல்லுங்க. மெக்னீசியம் எடுங்க. இவர வார்டுல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது." பிறகு என்னிடம், "ஒண்ணாவது நாள் இது தெரிஞ்சிருந்தா..." என்றார். முடிக்கவில்லை. முடித்திருக்கலாம்.

செப்டம்பர் 21, சனி

ஆக்சிஜன் அளவு 95. மெஷினில் மாட்ட வேண்டியிருக்காது என்கிறார்கள்.

தவசி மாமா டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொன்னார். மார்ச், ஜூன், ஆகஸ்ட். மூன்று தடவையும் நான் தூத்துக்குடியில் ஷிப்டில் இருந்திருக்கிறேன். மூன்று தடவையும் அவர்தான் வேனில் கொண்டு போயிருக்கிறார்.

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

"சாத்தூர்ல ஒரு நர்சிங் ஹோமுக்கு."

"சாத்தூரா? இருபத்தஞ்சு கிலோமீட்டர் மாமா! மூச்சு நின்னுக்கிட்டு இருக்கிற ஆள!"

"கத்தாதல. எனக்கு மட்டும் ஆசையா? இங்கன எங்க போனாலும் தெரிஞ்ச மூஞ்சி, கண்டக்டர் சண்முகம்னு ஊருக்கே தெரியும், உன் காதுக்கு வந்துரும்னான். வந்தா நீ ஓமான விட்டுருவியாம். ஜூன்ல போறப்ப நாலாட்டின்புதூர் தாண்டி... எதிர்த்திசைல போறோம்னுகூடத் தெரியாம, அந்தப் பதட்டத்துல தெக்க ஓட்டிட்டு, திரும்பி வடக்க வந்தேன். முப்பத்தி மூணு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சவன். கையெல்லாம் வேர்வ. அவன் பின்னால இருந்து விசில் அடிச்சுத் திருப்பச் சொல்லுதான். வாயால இல்லல. நெஞ்சால."

சிரித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அக்கா ராஜபாளையத்திலிருந்து வந்துவிட்டாள். என்னிடம் நிற்காமல் நேராக ஐசியு வாசலுக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 22, ஞாயிறு

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாக்கு வைக்காமல் 240.

காலையில் கம்பெனிக்கு மெயில் போட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஆறு வாரம் தள்ளித் தர முடியுமா என்று. மதியமே பதில். இந்தப் பட்டியலில் இடத்தைப் பிடித்துவைக்க முடியாது, அடுத்த தடவை மறுபடி விண்ணப்பிக்கலாம். இரண்டு வரி.

அப்பாவிடம் சொன்னேன். மாஸ்க்கைக் கழற்றினார்.

"போகலையா? போகலைன்னா நான் எதுக்குடே இவ்வளவு மறைச்சேன்? சாத்தூருக்கும் இங்கயுமா நாய் மாதிரி அலஞ்சேன்?"

"யாரு மறைக்கச் சொன்னது?"

"நீதான் சொன்ன. அந்தப் பொண்ணு கேட்டப்ப அட்மிட் ஆனதில்லன்னு நீதான சொன்ன? சரி, பையனுக்கு இதுதான் வேணும்போலன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்தானடே."

"மாஸ்க்க மாட்டுங்க."

"மாட்ட மாட்டேன்."

"மாட்டுங்கப்பா!"

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா வந்து மாஸ்க்கை மாட்டிவிட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். படுத்தார். சாய்வாக, ஆனால் கட்டிலில். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

விமானம் காலை 9.40. அந்த நேரத்தில் நான் வார்டில் அப்பாவுக்கு இட்லி பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சட்னி காரம் என்றார்.

பதினொரு மணிக்கு டாக்டர் வந்தார். நாளை டிஸ்சார்ஜ். புதிதாக ஒரு கேஸ் ஷீட்டைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அய்யா, இப்ப நிதானமாச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் எப்ப வந்துச்சு, எவ்வளவு நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனீங்க, என்ன குடுத்தாங்க. இதவச்சுத்தான் வீட்டுல எந்த அளவுக்கு என்ன செய்யணும்னு எழுதித் தரப் போறேன். யாரும் யாரையும் திட்டப் போறதில்ல."

அப்பா முதலில், "அதெல்லாம் சும்மா வீசிங்தாம்மா..." என்று ஆரம்பித்தார். அக்கா, "அப்பா" என்றாள். நிறுத்தினார். பிறகு ஒவ்வொன்றாக, ஸ்டாப் சொல்வது மாதிரி இறங்குவரிசையில் சொன்னார். ஆகஸ்ட், சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஐம்பது நிமிடம், ஊசியும் மாத்திரையும். ஜூன், பள்ளிக்கூடம் திறந்த வாரம், ஒண்ணே கால் மணி நேரம், தவசி வழி தப்பியதையும் சேர்த்து. மார்ச், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

"ஜனவரி?"

அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அது எம்மேலதாம்மா தப்பு. இவன் உள்ள வேலையா இருந்தான். நான் வெளிய உக்காந்துக்கிட்டு, சரியாயிரும் சரியாயிரும்னு சும்மா இருந்துட்டேன். ரொம்ப லேட்டாத்தான் கதவத் தட்டுனேன். தட்டுன உடனே தெறந்துட்டான்."

டாக்டரின் பேனா இறங்கியது.

"எழுதாதீங்க மேடம்" என்றேன். "அவரு பத்து நாப்பதுக்குத் தட்டுனாரு. நான் பதினொண்ணு இருபதுக்குத்தான் தெறந்தேன். இன்டர்வியூல இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு."

"என்ன சத்தம்?"

"அவரு மூச்சு விடுற சத்தம். நல்லாவே கேட்டுச்சு. கம்ப்யூட்டர்ல வால்யூமக் கூட்டி வச்சுக்கிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டர் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு போட்டார்.

"ஏம்மா" என்றார் அப்பா, மெதுவாக. "அத அடிச்சிருங்க."

"அடிக்காதீங்க" என்றேன்.